அயர்லாந்து யூதர்களின் மறந்த கதைகள்: தேடத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அயர்லாந்து வரலாறு என்றதும் நமக்கு உருளைக்கிழங்குப் பஞ்சமும் 1916 ஈஸ்டர் எழுச்சியும் நினைவுக்கு வரும். யூத வரலாறு என்றால் மனம் நேராக ஜெர்மனிக்கும் போலந்துக்கும் போய்விடும். இரண்டும் சேரும் ஓர் இடம் உண்டு என்று தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களும் பெரும்பாலும் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ நாவலில் வரும் லியோபோல்ட் புளூமோடு நின்றுவிடுகிறார்கள். புளூம் கற்பனை ஆள். அவர் சுற்றித் திரியும் 1904-ஆம் வருஷத்து டப்ளினில் நிஜமான யூதக் குடும்பங்கள் கடை வைத்திருந்தன, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பின. அதே வருஷம் லிமெரிக் நகரத்தில் யூதர்களோடு கொடுக்கல் வாங்கலே கூடாது என்று ஒரு பாதிரியார் பிரசங்கம் செய்தார். அந்த நிஜ மனிதர்களைத் தேடிப் போக விரும்புபவர்களுக்கு இந்தக் கட்டுரை.

புதிதாக வரலாறு தேடுபவர்களுக்கு இது நல்ல களம். காரணம், சமூகம் சின்னது. 1911 கணக்கெடுப்பில் தீவு முழுக்க ஐயாயிரம் சொச்சம் பேர்தான். ஆவணங்களில் பெரும்பங்கு இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும், ஹீப்ரு வேண்டியதில்லை. கல்லறைத் தோட்டத்தில் மட்டும் கொஞ்சம் தேவைப்படும், அதற்கும் வழி சொல்கிறேன்.

முதலில் ஒரு காலக்கோடு

ஒரு தாளில் ஆறேழு வருஷங்களை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். 1079: ஐந்து யூதர்கள் பரிசுகளோடு கடல் கடந்து தெற்கு அயர்லாந்தின் மன்ஸ்டர் அரசன் டர்லோ ஓ’பிரையனிடம் வந்தார்கள், திருப்பி அனுப்பப்பட்டார்கள். இனிஸ்ஃபாலன் மடத்தின் ஆண்டுக்குறிப்பு சொல்வது அவ்வளவுதான், காரணம் எதுவும் தருவதில்லை. 1718: டப்ளின் பாலிபாக் பகுதியில் யூதக் கல்லறைக்கு இடத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். 1880-களிலிருந்து ரஷ்யப் பேரரசின் லிதுவேனியப் பகுதியிலிருந்து குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கினார்கள். 1904: லிமெரிக் புறக்கணிப்பு. 1922: அயர்லாந்து சுதந்திர அரசு. 1937: புதிய அரசியல் சட்டம், அதில் யூத சபைகளுக்குப் பெயர் சொல்லி அங்கீகாரம். 1956: டப்ளினுக்கு ஒரு யூத மேயர். இதற்கு மேல் ஆரம்பத்தில் வேண்டாம். பொது வரலாற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் தொடங்குவேன் என்று உட்கார்ந்தால் ஒருபோதும் தொடங்க மாட்டீர்கள்.

பெரிய பெயரில் கை வைக்காதீர்கள், ஒரு தெருவைப் பிடியுங்கள்

எல்லோரும் செய்வது, அந்த 1956 மேயர் ராபர்ட் பிரிஸ்கோவிலோ, ஒரு தலைமை ரபியும் ஓர் இஸ்ரேல் ஜனாதிபதியும் வந்த ஹெர்ஸாக் குடும்பத்திலோ தொடங்குவது. பிரிஸ்கோ சுவாரசியமான ஆள்தான். லிதுவேனியாவிலிருந்து வந்த அப்பா, ஐரிஷ் புரட்சியாளர் ராபர்ட் எம்மெட்டின் பெயரை ஒரு மகனுக்கும் உல்ஃப் டோனின் பெயரை இன்னொரு மகனுக்கும் வைத்தார். அந்த ராபர்ட் சுதந்திரப் போரின்போது ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் போராளிப் படைக்காக ஜெர்மனியில் ஆயுதம் தேடிப் போனார். 1927 முதல் 1965 வரை நாடாளுமன்ற உறுப்பினர். 1956-இல் மேயர் தேர்தலில் ஓட்டு சமமாக விழ, தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்ததில் அவர் பெயர் வந்தது. ஆனால் இதெல்லாம் ஏற்கெனவே பலர் எழுதியது. நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க அங்கே அதிகம் மிச்சமில்லை.

தெரு அப்படியல்ல. என் பரிந்துரை லிமெரிக்கில் உள்ள கொலூனி தெரு, இன்றைய பெயர் உல்ஃப் டோன் தெரு. லிமெரிக் யூதர்கள் பெரும்பாலும் வாழ்ந்தது அங்கேதான். பலருக்குத் தவணை வியாபாரம்: துணிமணி, வீட்டுச் சாமான் எல்லாம் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் வசூலிப்பார்கள். அயர்லாந்தில் இப்படித் தெருத்தெருவாகப் போன யூத வியாபாரிகள் மூட்டையில் மாதா படமும் இயேசு படமும்கூட வைத்திருந்தார்கள். கத்தோலிக்க வீடுகளில் நன்றாகப் போகும் சரக்கு அது.

1904 ஜனவரி 11-ஆம் தேதி ஃபாதர் ஜான் க்ரே என்ற ரிடெம்ப்டரிஸ்ட் என்ற கத்தோலிக்கச் சபையின் பாதிரியார் இவர்களுக்கு எதிராகப் பிரசங்கம் செய்தார். விளைவு, புதிதாக யாரும் வாங்கவில்லை என்பது மட்டுமல்ல, ஏற்கெனவே வாங்கியவர்களில் பலர் பாக்கியையும் கட்டவில்லை. தவணை வியாபாரிக்கு முதலே வெளியில்தான் இருக்கிறது. அதை நிறுத்தினால் கல்லெறியாமலே குடும்பம் விழுந்துவிடும். கல்லும் எறிந்தார்கள், ரபி (யூத மதகுரு) எலியாஸ் லெவின் மீதே. நிலச் சீர்திருத்தத் தலைவர் மைக்கேல் டேவிட் யூதர்களுக்காகப் பத்திரிகையில் எழுதினார். பின்னாளில் நாட்டின் தலைவர்களில் ஒருவரான ஆர்தர் கிரிஃபித் தன் பத்திரிகையில் எதிர்த்தரப்பின் பக்கம் நின்றார். சரி, இது பின்னணி. இப்போது தெருவுக்குள் போவோம்.

கணக்கெடுப்புப் படிவத்தை வாசிப்பது

அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் முழுவதும் இலவசமாக உள்ளன. குடும்பத் தலைவர் தன் கையால் நிரப்பிக் கையெழுத்திட்ட படிவத்தின் படமே கிடைக்கும். 1901-இல் மார்ச் 31, 1911-இல் ஏப்ரல் 2, இரண்டும் ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு அந்த வீட்டில் தங்கியவர்கள் மட்டுமே படிவத்தில் வருவார்கள். வேறு ஊருக்கு வியாபாரத்துக்குப் போன அப்பா அங்கே இருக்க மாட்டார், அந்த ஊர் விடுதியின் பட்டியலில் இருப்பார்.

தேடும்போது தெருப்பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் மட்டும் தட்டாதீர்கள். கொலூனியில் ‘எல்’ ஒன்றா இரண்டா என்பது ஆளுக்கு ஆள் மாறும். மதத்தைக் கொண்டு தேடலாம், ஆனால் அந்தக் கட்டத்தில் ஒருவர் ‘ஜூ’ என்றும் இன்னொருவர் ‘ஹீப்ரு’ என்றும் மூன்றாமவர் ‘இஸ்ரேலைட்’ என்றும் எழுதியிருப்பார். எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.

படிவம் கையில் வந்ததும் கட்டம் கட்டமாக வாசியுங்கள். முதலில் பிறந்த இடம். அயர்லாந்தில் பிறந்திருந்தால் மாவட்டம் எழுத வேண்டும், வெளியே என்றால் நாட்டின் பெயர் மட்டும் போதும் என்பது விதி. அதனால் பெற்றோர் இருவருக்கும் ‘ரஷ்யா’ என்று ஒரே சொல்லாக நிற்கும். அதற்குக் கீழே பிள்ளைகள் வரிசை. பெரியவன் ரஷ்யா, அடுத்தவள் லிமெரிக், அதற்கடுத்தவன் லிமெரிக் என்று இருந்தால் குடும்பம் எந்த இரண்டு வருஷத்துக்கு இடையில் கடல் தாண்டியது என்பது வயதைக் கழித்துப் பார்த்தாலே தெரியும். நடுவில் ஒரு பிள்ளை இங்கிலாந்தில் பிறந்திருந்தால் வழியில் எங்கே தங்கினார்கள் என்பதும் கிடைத்துவிட்டது.

1911 படிவத்தில் கூடுதலாகச் சில கட்டங்கள் உண்டு: திருமணமாகி எத்தனை வருஷம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. கடைசி இரண்டு எண்களும் சமமாக இல்லாத வீடுகளைக் குறித்து வையுங்கள். இறப்புப் பதிவில் தேட வேண்டியவர்கள் அவர்கள். வயதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். பத்து வருஷ இடைவெளியில் ஏழு வயதும் கூடும், பதினாலும் கூடும்.

வீட்டைப் பற்றிய படிவம் தனியாக இருக்கும். சுவர் எதனால், கூரை எதனால், எத்தனை அறை, முன்பக்கம் எத்தனை ஜன்னல் என்று கணக்கெடுத்த காவலர் எழுதியிருப்பார். புதியவர்கள் இதைத் திறப்பதே இல்லை. பாதிரியார் சொன்னதுபோல இவர்கள் ஊரைச் சுரண்டிக் கொழுத்தவர்களா என்று கேட்டால், முதலில் பார்க்க வேண்டிய தாள் இதுதான்.

1901-இன் யூத வீடுகளை ஒரு பட்டியலாகவும் 1911-இன் வீடுகளை அதன் பக்கத்திலும் எழுதுங்கள். காணாமல் போன பெயர்களை கார்க், டப்ளின், பெல்ஃபாஸ்ட் என்று தேடுங்கள். உதாரணத்துக்கு கோல்ட்பெர்க் குடும்பம், புறக்கணிப்புக்குப் பிறகு லிமெரிக்கிலிருந்து கார்க்குக்குப் போனது. அங்கே 1912-இல் பிறந்த ஜெரால்ட் கோல்ட்பெர்க் 1977-இல் கார்க் நகர மேயரானார். லிமெரிக்கை விட்டு யார் போனார்கள், எத்தனை பேர் போனார்கள் என்பதில் இன்றும் வாதம் ஓடுகிறது. ஆனால் வீட்டில் இல்லாத எல்லோரும் 1904-ஆல்தான் போனார்கள் என்று எழுதிவிடாதீர்கள். புலம்பெயர்ந்த வியாபாரக் குடும்பங்கள் சும்மாவே இடம் மாறும்.

1901-க்கு முந்தைய கணக்கெடுப்புகள் கிடைக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். அநேகமாகக் கிடையாது. ஒரு பகுதியை அரசாங்கமே அழித்தது, மிச்சத்தில் பெரும்பகுதி 1922 ஜூனில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது போனது. அந்த எரிந்த காப்பகத்தைப் பிற நகல்களிலிருந்து மீட்டு அடுக்கும் மெய்நிகர் ஆவணக் கருவூலம் ஒன்று 2022-இல் தொடங்கப்பட்டது, அதுவும் இலவசம். 1926 கணக்கெடுப்பின் நூறாண்டுப் பூட்டு 2026 ஏப்ரலோடு முடிகிறது.

பிறப்பு, திருமணம், இறப்பு

அடுத்து அரசின் ‘ஐரிஷ் ஜீனியாலஜி’ தளம். பிறப்புப் பதிவு 1864-இலிருந்து. கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணம் மட்டும் 1845-இலிருந்தே பதிவாகிறது, ஆக யூதத் திருமணங்களுக்குப் பத்தொன்பது வருஷம் கூடுதல் லாபம். பதிவுப் புத்தகத்தின் பக்கமே படமாக வரும். திருமணப் பதிவில் இரு தரப்பு அப்பாக்களின் பெயரும் தொழிலும் இருக்கும், சாட்சிகளின் பெயர்களும் இருக்கும். சாட்சிகளை விட்டுவிடாதீர்கள், பாதிப் பேர் உறவினர்களாக இருப்பார்கள்.

‘ரஷ்யா’ என்ற ஒற்றைச் சொல்லைத் தாண்டி ஊர்ப்பெயர் வேண்டுமென்றால் குடியுரிமைக் கோப்புகளுக்குப் போக வேண்டும். 1922-க்கு முந்தைய விண்ணப்பங்கள் லண்டனின் க்யூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஊர் கிடைத்ததும் யூத வம்சாவளித் தேடலுக்கான ‘ஜூயிஷ்ஜென்’ தளத்தில் லிதுவேனியப் பதிவுகளைத் தேடலாம். அக்மெனே, வியெக்ஷ்னியை, ஜகரே போன்ற சில ஊர்ப்பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

இந்த இடத்தில் ஒரு பழங்கதையையும் முடித்துவிடலாம். கார்க் துறைமுகத்தில் கப்பல் ஊழியர் ‘கார்க்’ என்று கூவியதை ‘நியூயார்க்’ என்று கேட்டு யூதர்கள் தவறி இறங்கிவிட்டார்கள் என்று சொல்வார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் உங்கள் பட்டியலைப் பாருங்கள்: ஒரே வட்டாரத்து ஊர்கள், மச்சான், சித்தப்பா, ஒன்றுவிட்ட அண்ணன் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தவர்கள். இத்தனை பேரும் காது சரியில்லாமல் இறங்கினார்கள் என்றால் யார் நம்புவது?

ஆட்களைத் தேடும்போது

தனிமனிதர்களுக்கு இரண்டு இடம் போதும். ஒன்று ஐரிஷ் வாழ்க்கை வரலாற்று அகராதி, 2021-இலிருந்து இணையத்தில் இலவசம். இன்னொன்று ராணுவ வரலாற்றுப் பணியகத்தின் வாக்குமூலங்கள். 1913 முதல் 1921 வரையிலான போராட்டத்தில் பங்கெடுத்தவர்களிடம் 1947-க்கும் 1957-க்கும் இடையில் எழுதி வாங்கியவை, மொத்தம் 1,773. நாற்பது வருஷத்துக்கு மேல் பூட்டி வைத்திருந்து 2003-இல் திறந்தார்கள்.

அதில் 707-ஆம் எண் மைக்கேல் நொய்க் என்ற வழக்கறிஞருடையது. லிதுவேனியாவில் பிறந்து டப்ளினில் வளர்ந்த யூதர். போராட்டக்காரர்களின் தலைமறைவு அரசாங்கத்துக்கு அலுவலகம் நடத்த இடம் பிடித்துக் கொடுத்தவர், தூக்குக்கயிற்றை எதிர்நோக்கியிருந்த போராளிகளின் வழக்குகளை நடத்தியவர். அவருடைய நெருங்கிய நண்பர் யார் தெரியுமா? 1904-இல் லிமெரிக் யூதர்களுக்கு எதிராக நின்ற அதே ஆர்தர் கிரிஃபித். இந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகருங்கள். கிரிஃபித் திருந்திவிட்டார் என்றோ நொய்க் மறந்துவிட்டார் என்றோ நாமே முடிச்சுப் போட வேண்டாம்.

எஸ்டெல்லா சாலமன்ஸையும் தேடிப் பாருங்கள். ஓவியர், பழைய டப்ளின் யூதக் குடும்பம், குமன் நா மான் என்ற பெண்கள் அமைப்பின் உறுப்பினர். போலீஸ் தேடிய ஆட்கள் ஒளிந்துகொள்ள அவருடைய ஓவியக்கூடம் இடம் கொடுத்தது, சிலருடைய உருவத்தை அங்கேயே வரையவும் செய்தார். தம்பி பெத்தல் அயர்லாந்துக்காக ரக்பி ஆடியவர், பிறகு ரோட்டண்டா மகப்பேறு மருத்துவமனையின் தலைவர். பெல்ஃபாஸ்ட் பக்கம் போனால் ஓட்டோ ஜாஃபே. ஹாம்பர்கில் பிறந்த லினன் வியாபாரி, 1899-இலும் 1904-இலும் மேயர். முதல் உலகப் போரில் ஜெர்மன் வெறுப்பு தலைக்கேறியபோது நகர மன்றத்தை விட்டு விலகினார்.

யூதர் அல்லாதவர்களும் இந்தக் கதையில் உண்டு. கார்க்கில் பிறந்த மேரி எல்ம்ஸ் 1942-இல் தெற்குப் பிரான்ஸின் ரிவ்சால்ட் தடுப்பு முகாமிலிருந்து யூதக் குழந்தைகளைத் தன் காரில் ஒளித்து வெளியே கொண்டுபோனவர். நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ பிடித்து மாதக்கணக்கில் சிறையில் வைத்தது. வெளியே வந்து கல்யாணம் செய்துகொண்டு பிரான்ஸிலேயே இருந்துவிட்டார், பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. 2002-இல் இறந்தார். 2013-இல்தான் இஸ்ரேலின் படுகொலை நினைவு நிறுவனமான யாட் வஷெம் அவரைக் கௌரவித்தது, 2019-இல் கார்க்கில் ஒரு பாலத்துக்கு அவர் பெயர்.

‘முதல்’, ‘ஒரே’ என்ற சொற்களைக் கண்டால் நிறுத்துங்கள்

யூதப் படுகொலையில் இறந்த ஒரே ஐரிஷ் நபர் எட்டி ஸ்டைன்பெர்க் என்று பல இடங்களில் வாசிப்பீர்கள். டப்ளினில் வளர்ந்து 1937-இல் கல்யாணமாகி பெல்ஜியம் போனவர். பிறகு பிரான்ஸ். 1942-இல் கணவரோடும் சின்ன மகன் லியோனோடும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். கதை உண்மை, ‘ஒரே’ மட்டும் தவறு. எட்டி பிறந்தது செக்கோஸ்லோவாக்கியா பக்கம். டப்ளினிலேயே பிறந்து கொல்லப்பட்டவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள்: ஐசக் ஷிஷி, எஃப்ரெய்ம் சாக்ஸ், லீனா சாக்ஸ். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குத் திரும்பியதால் யார் கணக்கிலும் வராமல் போனார்கள். 2022 ஜூனில் டப்ளின் டோனோர் அவென்யூவில் ஒரு பள்ளிக்கு முன்னால் பித்தளைத் தகடு போர்த்திய சின்ன நினைவுக் கற்களைப் பதித்தார்கள். எட்டி குடும்பத்துக்கு மூன்று, இவர்களுக்கு மூன்று, ஆக ஆறு.

1555-இல் யூகால் நகர மேயராக இருந்த வில்லியம் அன்யாஸ்தான் அயர்லாந்தின் முதல் யூத மேயர் என்பதும் இதே ரகம். போர்ச்சுகலில் கட்டாய மதமாற்றம் செய்யப்பட்ட யூதர்களின் வழி வந்தவர் என்பார்கள். அவரை யூதர் என்று எண்ணுவதா, யூத வம்சாவளி என்று எழுதுவதா? நான் இரண்டாவதையே எழுதுவேன்.

நேரில் போக முடிந்தால்

டப்ளினில் இருப்பவர்கள் வால்வொர்த் சாலை ஐரிஷ் யூத அருங்காட்சியகத்தில் தொடங்கலாம். பழைய ஜெபாலயம் அது. 1985-இல் திறந்து வைத்தவர் அப்போதைய இஸ்ரேல் ஜனாதிபதி சாயிம் ஹெர்ஸாக். பெல்ஃபாஸ்டில் பிறந்து டப்ளினில் வளர்ந்தவர், அவருடைய அப்பா அயர்லாந்தின் தலைமை ரபி. திறக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் பாலிபாக். கல்லறைக் காவலர் வீட்டு முகப்பில் ‘5618-ஆம் ஆண்டு கட்டப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கும். எதிர்காலத்திலிருந்து வந்த வீடு இல்லை, ஹீப்ரு ஆண்டு. 3760-ஐக் கழித்தால் நம் ஆண்டு வரும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் ஹீப்ரு புத்தாண்டிலிருந்து டிசம்பருக்குள் என்றால் 3761. ஆக 1857 அல்லது 1858. கல்லறைக் கற்களில் பெரும்பாலும் ஐயாயிரத்தை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் ஹீப்ரு எழுத்துகளில் எழுதுவார்கள், ஏனென்றால் அந்த எழுத்துகளுக்கு எண் மதிப்பும் உண்டு. எழுத்து-எண் அட்டவணையை வைத்துக் கூட்டி, 1240-ஐச் சேர்த்தால் ஆண்டு கிடைக்கும்.

கல்லின் மேலே விரல் விரித்த இரண்டு கைகள் இருந்தால் கோஹன், அதாவது ஆசாரியர் வம்சம். ஜாடி இருந்தால் லேவியர், அதாவது ஆசாரியர்களுக்கு உதவிய வம்சம். எல்லாவற்றையும்விட முக்கியம், ஹீப்ரு வரியில் ‘இன்னாரின் மகன்’, ‘இன்னாரின் மகள்’ என்று அப்பா பெயர் இருக்கும். நம் இனிஷியல் மாதிரிதான், ஆனால் முழுப்பெயராக. ஆங்கிலத்தில் குடும்பப்பெயரை மாற்றிக்கொண்டவர்கள்கூட இங்கே மாட்டிக்கொள்வார்கள். எழுத்து தெரியாவிட்டால் பக்கவாட்டில் வெளிச்சம் விழும் காலை அல்லது மாலையில் நேராக நின்று படம் எடுத்து, வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். தேய்ந்த எழுத்தின் மேல் சுண்ணக்கட்டி, பிரஷ் எதுவும் வேண்டாம். கல் போய்விடும்.

கார்க் போனால் ஷாலோம் பூங்கா. அங்கே ஒன்பது விளக்குக் கம்பங்களில் ஒன்று வருஷத்தில் ஒரே ஒரு மாலைதான் எரியும், ஹனுக்கா பண்டிகையின் கடைசி நாளன்று. அந்த ஊர் ஜெபாலயம் 2016-இல் மூடப்பட்டது.

கசப்பான தாள்களையும் எடுங்கள்

வீரர், மேயர், மருத்துவர் என்று மட்டும் சேர்த்தால் கண்காட்சிப் பலகைதான் கிடைக்கும். நாடாளுமன்ற விவாதங்கள் முழுவதும் இணையத்தில் இருக்கின்றன. 1943 ஜூலையில் ஆலிவர் ஃப்ளானகன் என்ற புது உறுப்பினர் யூதர்களை நாட்டை விட்டு விரட்ட வேண்டும் என்று அவையில் பேசியதை அங்கே வாசிக்கலாம். பிரிஸ்கோவும் அப்போது அதே அவையின் உறுப்பினர். ஐரிஷ் வெளியுறவு ஆவணத் தொகுப்பும் இலவசம். 1933 முதல் 1939 வரை பெர்லினில் தூதராக இருந்த சார்லஸ் பியூலி அனுப்பிய அறிக்கைகளைப் பாருங்கள், அகதிகளுக்கு ஏன் கதவு திறக்கவில்லை என்பதில் பாதி புரியும். தொழில் தொடங்குவதாக வந்த சிலருக்கு மட்டும் இடுக்கு வழி கிடைத்தது. கால்வேயிலும் காசில்பாரிலும் தொப்பித் தொழிற்சாலை, லாங்ஃபோர்டில் ரிப்பன் தொழிற்சாலை, எல்லாம் அப்படி வந்தவை.

எழுதி வைக்கும்போது

ஒரு எக்ஸெல் தாள் போதும். ஆளுக்கு ஒரு வரி. பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களும் ஒரே கட்டத்தில். ஒவ்வொரு தகவலுக்கும் எந்த ஆவணம், எந்தத் தேதியில் பார்த்தேன் என்று இரண்டு கட்டங்கள். குடும்பத்தார் வாய்மொழியாகச் சொன்னது தனிக் கட்டத்தில் இருக்கட்டும், ஆவணத்தோடு கலக்க வேண்டாம். இன்று உயிரோடு இருப்பவர்களின் பெயர், முகவரி எதையும் அவர்கள் அனுமதி இல்லாமல் வெளியிடாதீர்கள். பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடித்தால் முதலில் ஒரு சின்னக் கடிதம் எழுதுங்கள், பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

படிவங்களை இறக்கி வைக்கும்போது தளம் கொடுக்கும் கோப்புப்பெயரை மாற்றி ஆண்டு, ஊர், தெரு, வீட்டு எண், குடும்பப்பெயர் என்ற வரிசையில் வையுங்கள். நாற்பது வீட்டுப் படிவம் சேர்ந்ததும் அந்த வரிசை தானாகவே தெருவை வீடு வீடாக அடுக்கித் தரும்.